வான்கா ஊர்களில் சைக்கிள் மிதித்தோம்: பிராபாண்ட் நாட்குறிப்பு

வியாழன்: பிரேடா, சுண்டர்ட், எட்டன்

இயேசு விண்ணேறிய நாள் என்று நெதர்லாந்தில் இன்று அரசு விடுமுறை. வருடா வருடம் வியாழக்கிழமையில்தான் வரும், வெள்ளிக்கு ஒரு லீவு சொல்லிவிட்டால் சனி ஞாயிறோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் ஊரே சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. விடியற்காலையில் எழுந்து பனி இறங்கிய புல்லில் நடப்பது, மிதிப்பது எல்லாம் இந்த நாளுக்கென்றே இருக்கிற பழைய வழக்கமாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐந்தோவன் ரயில் நிலையத்தில் இத்தனை சைக்கிளையும் ஒரே வண்டியில் ஏற்ற முடியாது என்று தெரிந்து, இரண்டு ரயிலாகப் பிரிந்து பிரேடா வந்து இறங்கியபோதே வெயில் ஏறிவிட்டது.

எங்களை மேய்த்துக்கொண்டு போகிறவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர். இங்கே எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் எனக்கும் என் மதுரை நண்பனுக்கும் வாய் வரவில்லை, 'டீச்சர்' என்றே ஆரம்பித்தோம், இப்போது மொத்தக் கூட்டமும் அப்படித்தான் கூப்பிடுகிறது. திட்டம் அவருடையது. ஓவியர் வின்சென்ட் வான்கா இந்தத் தெற்கு மாநிலமான பிராபாண்டில் எந்தெந்த ஊரில் இருந்தாரோ அந்த வரிசையிலேயே, பிறந்த சுண்டர்டில் தொடங்கி நூனன் வரை சைக்கிளில் போவது. முறைப்படி அவர் பிறந்த நாளான மார்ச் 30-ல் அல்லவா போக வேண்டும் என்று கேட்டேன். மார்ச் மழையில் நீயே போய்க்கொள் என்றார்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். சூரியகாந்தி, மஞ்சள் வீடு, நட்சத்திர இரவு என்கிற புகழ்பெற்ற ஓவியங்கள், அவர் தானே அறுத்துக்கொண்ட காது, இந்த நான்கைப் பற்றியும் வழியில் யாரும் பேசக்கூடாது. அதெல்லாம் பிரான்ஸில் கடைசி இரண்டு மூன்று வருடத்துச் சங்கதி. அவர் வாழ்ந்ததே 37 வருடம், அதில் ஏறக்குறைய பாதி இந்த உருளைக்கிழங்கு மண்ணில்தான் போயிருக்கிறது.

சுண்டர்டுக்கு ரயில் கிடையாது. பிரேடாவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தரை தட்டையாகக் கிடக்கிறது, வழி நெடுக மரக்கன்றுப் பண்ணைகள், ஸ்ட்ராபெரி வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்கள், நடுவில் மாட்டுச்சாணி உரம் அடித்த வயல் வந்தால் கூட்டமே பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக மிதிக்கிறது. வழி தெரியவில்லை என்கிற பேச்சுக்கே இடமில்லை. சைக்கிள் பாதைகள் சந்திக்கிற இடத்தில் எல்லாம் எண் போட்ட பலகை நிற்கிறது, அன்றைக்குப் போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும்.

1853-ல் அவர் பிறந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் நிற்கிற வீட்டில்தான் நினைவு இல்லம். அப்பா இந்த ஊரின் சின்ன புராட்டஸ்டன்ட் சபைக்குப் போதகர், சுற்றிலும் கத்தோலிக்கர்கள், அதாவது பையன் பிறந்ததே சிறுபான்மைக் குடும்பத்தில். தேவாலயம் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் எல்லோரும் தேடிப் போய்ப் பார்க்கிற கல்லறைக் கல், 'வின்சென்ட் வான்கா, 1852' என்று பெயர் பொறித்தது. ஓவியர் பிறப்பதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, அதே மார்ச் 30-ல், இறந்தே பிறந்த அண்ணன். தன் பெயரைத் தானே கல்லறையில் பார்த்து வளர்ந்த குழந்தையின் மனம் என்னவாகியிருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மதுரைக்காரன் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா பேரு என்ன டீச்சர்?" என்றான். வின்சென்ட். பிரேடாவில் போதகராக இருந்தவர். "அப்புறம் என்ன மாப்ள, தாத்தா பேர பேரனுக்கு வச்சிருக்காங்க, மொதப் புள்ள தங்கல, அடுத்ததுக்கு வச்சாங்க. இதுல என்ன மர்மம்?" டீச்சர் சிரித்துக்கொண்டே, நாற்பது வருடம் வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார்.

தேவாலயத்துக்கு முன்னால் அண்ணன் வின்சென்ட், தம்பி தியோ இருவரும் ஒட்டி நிற்கிற சிலை, ஓசிப் சாட்கின் செய்தது, 1964-ல் அரசி யூலியானா திறந்து வைத்தார். முகம், உடை எதிலும் அடையாளம் தேடினால் கிடைக்காது, இரண்டு பேரும் ஒரே பாறையிலிருந்து பிய்த்து எடுத்தது மாதிரி இருக்கிறார்கள். அறுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் அண்ணன் தம்பிக்கு எழுதியிருக்கிறார், கூடவே தம்பி காசும் அனுப்பியிருக்கிறார், இந்தச் சிலை பொருத்தம்தான்.

மாலையில் எட்டன். வழியில் குடிப்பவர்களுக்காக ஓரிடத்தில் நின்றோம், சுண்டர்ட் மடத்துத் துறவிகள் 2013 முதல் பியர் வடிக்கிறார்களாம், எனக்குக் கசந்தது. எட்டன் பற்றிச் சுருக்கமாக: ஓவிய வியாபாரம், பள்ளி வாத்தியார், புத்தகக் கடை, இறையியல் படிப்பு, சுரங்க ஊரில் ஊழியம் என்று தொட்டதெல்லாம் கைகூடாமல் போய், ஓவியர்தான் ஆவேன் என்று முடிவு கட்டி 1881-ல் பெற்றோர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், வயது 28. அந்தக் கோடையில், கணவனை இழந்த ஒன்றுவிட்ட அக்கா கே ஃபோஸிடம் காதலைச் சொன்னார், 'ஒருக்காலும் இல்லை' என்று பதில் வந்தது, விடாமல் பின்னால் போனார், குடும்பம் கொதித்தது, கிறிஸ்துமஸ் அன்று அப்பாவோடு சண்டை, வீட்டை விட்டு வெளியே. அப்பா பிரசங்கம் செய்த தேவாலயத்துக்கு இன்று 'வான்கா தேவாலயம்' என்று பெயர். பையன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், போதகர் பெயரை அல்ல.

வெள்ளி: பிரேடா வழியாக டில்பர்க்

காற்று. இன்று முழுக்க எழுத வேறு எதுவும் வேண்டாம் என்கிற அளவுக்கு எதிர்காற்று. இந்த நாட்டில் மலை இல்லை என்று சந்தோஷப்பட்டால் காற்றுதான் மலை. மதுரைக்காரன் கழுத்து வரை குனிந்து பந்தயச் சைக்கிளில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்க, பேட்டரி சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்த பாட்டியும் தாத்தாவும் மணி அடித்து, வணக்கம் சொல்லி, பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

பிரேடாவில் காபிக்கு நின்றபோது டீச்சர் ஒரு கதை சொன்னார். நூனனை விட்டு வான்கா 1885 கடைசியில் ஆண்ட்வெர்ப் போனார். வரைந்ததையெல்லாம் விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் அம்மா பிரேடாவுக்குக் குடி வந்தபோது அந்தப் பெட்டிகளும் கூட வந்தன, ஒரு தச்சரிடம் போட்டு வைத்தார்கள், அப்புறம் அதை யாரும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து அவை ஒரு பழைய சாமான் வியாபாரி கைக்குப் போய், தள்ளுவண்டியில் வைத்து ஒரு படம் சில சென்ட் என்று பிரேடா தெருவில் விற்றார்களாம். எத்தனை அழிந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. இதைக் கேட்டதிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்மணி வழியில் எந்தப் பழைய சாமான் கடையைப் பார்த்தாலும் இறங்கிவிடுகிறார்.

டில்பர்க் எனக்கு இந்தப் பயணத்தின் சிறந்த ஊர். பார்க்க அழகில்லை, அது வேறு விஷயம். இரண்டாம் வில்லெம் அரசருக்காகக் கட்டிய அரண்மனை, வெள்ளைச் சுவர், மூலைக்கு ஒரு உருண்டைக் கோபுரம். அவர் குடியேறாமலே 1849-ல் இறந்துவிட, பிறகு அதில் உயர்நிலைப் பள்ளி வைத்தார்கள். 1866-ல் சேர்ந்த முதல் மாணவர்களில் வின்சென்ட்டும் ஒருவர். பதினைந்து நிறைவதற்குள், 1868 மார்ச்சில், வருட நடுவில் படிப்பை விட்டுப் போய்விட்டார். ஏன் என்பது தெரியவில்லை.

எனக்கு அரண்மனையைவிட ஜவுளி அருங்காட்சியகம் முக்கியம். டில்பர்க் கம்பளி ஊர். நெய்த கம்பளியைக் கழுவ மூத்திரம் வேண்டும், அதை ஊர்க்காரர்கள் ஜாடியில் பிடித்து ஆலைக்குக் கொடுப்பார்களாம், அதனால் டில்பர்க்காரர்களுக்கு 'ஜாடியில் மூத்திரம் பெய்கிறவர்கள்' என்று பட்டப்பெயர். கோபப்படாமல் திருவிழாவில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

பழைய ஆலைக் கட்டடத்தில் நீராவி எஞ்சின், போர்வை நெய்த பெரிய பெரிய இயந்திரங்கள். என் தாத்தா சென்னிமலைப் பக்கம் போர்வை நெய்தவர், வீட்டுக்குள்ளேயே தறி, அந்தச் சத்தத்தில்தான் அம்மா வளர்ந்தார். அங்கே ஒரு மரத் தறியைப் பார்த்ததும் கை தானாகப் படமரத்துக்கு, அதாவது நெய்த துணி சுருள்கிற கட்டைக்குப் போய்விட்டது, நெய்கிறவர் வயிறு பட்டுப் பட்டு நடுவில் மட்டும் வழவழவென்று பளபளப்பு, இரண்டு ஓரமும் சொரசொரப்பு. தாத்தா தறியிலும் அதே இடத்தில் அதே பளபளப்பு.

வான்கா நூனனில் 1884-ல் பாதி வருடம் நெசவாளர்களைத்தான் வரைந்தார். டீச்சர் அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளைப் பையில் கொண்டுவந்திருந்தார், தறிக்குப் பக்கத்திலேயே தரையில் பரப்பிவிட்டார். மனிதன் சின்னதாக, சுற்றிலும் கருத்த ஓக் மரச் சட்டங்கள். இதைக் கூண்டு, சிறை, இயந்திரத்தில் சிக்கிய மனிதன் என்றெல்லாம் விளக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தறிக்குள் உட்கார்ந்துதான் நெய்ய முடியும், வேறு எங்கே உட்காருவது? அறை சின்னது, தறியோ அறை முழுக்க, தள்ளி நின்று பார்க்க இடம் இல்லை, வரைவது கஷ்டம் என்று அவரே கடிதத்தில் புலம்பியிருக்கிறார். ஒரு தறியில் 1730 என்று செதுக்கியிருந்ததைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார். இன்னொரு வீட்டில், தறிக்குப் பக்கத்தில் குழந்தை நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்து நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டையையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தை எங்கள் அம்மாதான், சென்னிமலையில் நாற்காலி கிடையாது, தூளி.

கூலிக் கணக்கும் எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பாடுபட்டு நெய்தால் வாரத்துக்கு அறுபது கஜம் போல வரும், நெய்கிறவருக்கு எதிரே பெண் உட்கார்ந்து தார் (நாடாவுக்குள் போடுகிற நூல்கண்டு) சுற்றிக்கொடுக்க வேண்டும், ஆக இரண்டு பேர் உழைப்பு, கைக்கு வருவது நாலரை கில்டர் (அந்தக் காலத்து நெதர்லாந்துக் காசு), கொண்டுபோய்க் கொடுத்தால் முதலாளி அடுத்த பாவு (தறியில் ஏற்றுகிற நீள நூல்) ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவார். சென்னிமலையில் யாரிடம் கேட்டாலும் இதே வரிகளைச் சொல்வார்கள், கில்டரை மட்டும் மாற்றினால் போதும். படம் வரைய வந்த ஆள் தார் சுற்றுகிற பெண்ணுக்குத் தனிக்கூலி இல்லை என்பது வரை விசாரித்திருக்கிறார். அங்கேதான் எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது.

சனி: மணல்மேடு, டென் பாஸ்

சுருக்கமாக எழுதுகிறேன், தொடை இரண்டும் கல்லாகிவிட்டது.

டில்பர்க்குக்கு வடக்கே நடுக்காட்டில் திடீரென்று பாலைவனம். பைன் மரங்கள் முடிந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். பிராபாண்டின் சகாரா என்று இவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். சைக்கிள் பாதை ஓரமாகவே போகிறது, நம் ஆள் குறுக்கே போகலாம் என்று பந்தயச் சைக்கிளை மணலில் இறக்கி, மெல்லிய டயர் புதைந்து அப்படியே சாய்ந்தான். அடியில்லை. மணலைத் தட்டிவிட்டுச் செயினை மாட்டிக்கொண்டு வந்தான்.

டென் பாஸில் வடபிராபாண்ட் அருங்காட்சியகம். இந்த மாநிலத்திலேயே வான்காவின் அசல் ஓவியங்களை எப்போதும் பார்க்கக் கிடைக்கிற இடம் இதுதான், அவர் வாழ்ந்த மற்ற ஊர்களில் கட்டடம் உண்டு, ஓவியம் இல்லை. நூனன் பக்கம் இருக்கிற கோல் நீராலையை (ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற ஓடுகிற ஆலை) அவர் வரைந்த படத்தை 2017-ல் வாங்கினார்கள். அண்மையில் ஹோர்டினா தெ குரோட் என்ற விவசாயப் பெண்ணின் தலையோவியம் ஒன்றையும் மில்லியன் கணக்கில் யூரோ கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், பொதுமக்களும் காசு போட்டார்கள். பிரேடா தள்ளுவண்டியை நினைத்துக்கொண்டேன்.

ஹோர்டினாவை நின்று பார்த்தேன். சின்னப் படம். வெள்ளைத் துணித் தொப்பி, அதன் வெள்ளையில் பச்சையும் சாம்பலும் கலந்திருக்கிறது, சுத்தமான வெள்ளை எங்குமே இல்லை. கன்ன எலும்பில் தடித்த சிவப்புப் பூச்சு, தூரிகை போன வழி கையால் தடவினால் தெரியும் போல. அவள் நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, பாவமாகவும் பார்க்கவில்லை. வேலை கிடக்கிறது, சீக்கிரம் முடி என்கிற முகம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பாஸ் உருண்டை. டென்னிஸ் பந்தைவிடப் பெரிய மாவுக்கூடு, உள்ளே முழுக்கக் கிரீம், மேலே சாக்லேட். கத்தியால் வெட்டினால் தட்டெல்லாம் வழியும். கையில் பிடித்துக் கடிக்க வேண்டும், மூக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு: நூனன்

தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் போல. காற்று ஒருவழியாகத் திரும்பியது, எங்களை அதுவே தள்ளிக்கொண்டு வந்தது.

1883 டிசம்பரில் வான்கா மறுபடியும் கையில் காசில்லாமல் பெற்றோரிடம் வந்து சேர்ந்த ஊர் இது. இரண்டு வருடம் இருந்தார், வாழ்நாளில் செய்த வேலையில் கிட்டத்தட்ட கால் பங்கு இங்கேதான். போதகர் வீடு அப்படியே நிற்கிறது. வெளியிலிருந்துதான் பார்த்தோம். பின்னால் துணி துவைக்கிற சின்ன அறையைத்தான் முதலில் ஓவிய அறையாகக் கொடுத்தார்கள். அந்த வீட்டுத் தோட்டத்தை 1884 வசந்தத்தில் வரைந்த படம், 2020-ல் லாரன் ஊரில் கண்காட்சிக்கு வந்த இடத்தில் களவு போனது, அதுவும் அவர் பிறந்த நாளில். 2023-ல் கலைத் துப்பறிவாளர் ஒருவர் கைக்கு ஐக்கியா நீலப் பையில் திரும்பி வந்தது.

தேவாலயம் எட்டுப்பட்டை வடிவம், கைக்கடக்கமாக இருக்கிறது. கால் ஒடிந்து படுக்கையில் கிடந்த அம்மாவுக்காக இதை வரைந்தார். முதலில் மண்வெட்டியோடு ஒரு விவசாயி மட்டும், பிறகு அவனை அழித்துவிட்டு வாசலில் கூட்டத்தையும் துக்க உடைப் பெண்களையும் சேர்த்தார், 1885 மார்ச்சில் அப்பா இறந்த பிறகு என்று நினைக்கிறார்கள். இந்தப் படமும் 2002-ல் ஆம்ஸ்டர்டாமில் திருடு போய், 2016-ல் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் ஒரு மாஃபியா வீட்டில் அகப்பட்டது. நூனனில் வரைந்ததற்கு ஏதோ ராசி இருக்கிறது.

சதுக்கத்தில் அவருடைய 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' ஓவியம் வெண்கலச் சிலையாக. ஐந்து பேர், மேஜை. எங்கள் கூட்டத்துக்குப் பசி, எதிரே இருந்த கடையில் பொரித்த உருளைக்கிழங்கும் மயோனைசும் வாங்கி அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றோம். யாரும் திட்டமிடவில்லை, வேறு கடை திறந்திருக்கவில்லை.

அந்தப் படத்துக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட விவசாயி முகங்களை வரைந்து பழகியிருக்கிறார். தட்டுக்குப் போகிற அதே கைதான் மண்ணைத் தோண்டியது என்பது தெரிய வேண்டும், அந்தச் சாப்பாடு அவர்கள் நேர்மையாகச் சம்பாதித்தது என்று தம்பிக்கு எழுதினார். நிறமும் தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறம். நண்பர் ஃபான் ராப்பார்ட் அதன் அச்சுப் பிரதியைப் பார்த்துவிட்டுக் கையும் காலும் சரியில்லை என்று எழுத, நட்பே முறிந்தது. அதே வருடம் ஹோர்டினா கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானாள், ஊர் இவரைத்தான் சந்தேகப்பட்டது, நான் இல்லை என்றார். கத்தோலிக்கப் பாதிரியார் தன் சபையாரிடம் இந்த ஆளுக்கு யாரும் உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டார், உட்காராமல் இருந்தால் பணம் தருவதாகக்கூடச் சொன்னாராம். வரைய ஆள் கிடைக்காமல் பறவைக் கூடு, கூடையில் உருளைக்கிழங்கு என்று அசையாப் பொருள்களை வரைந்துகொண்டிருந்து, நவம்பரில் ஊரை விட்டே போனார். திரும்பி வரவில்லை. இப்போது அதே ஊரில் ரொட்டிக் கடை முதல் வங்கி வரை அவர் முகம்தான். டீச்சர் இந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர், அவரிடம் கேட்டேன், கூச்சமாக இல்லையா என்று. "என் பாட்டி காலம் வரை அவரைப் பற்றி இங்கே பேசமாட்டார்கள். பேச ஆரம்பித்தது சுற்றுலா வந்த பிறகு" என்றார், மயோனைசைத் துடைத்துக்கொண்டே.

மாலையில் ஓப்வெட்டன் நீராலை, அப்புறம் நேற்றுப் படத்தில் பார்த்த கோல் நீராலை. இரண்டுமே ஓடையில் சக்கரத்தோடு இன்றும் நிற்கின்றன. இவ்வளவு தூரத்தையும் அவர் நடந்தே சுற்றினார், சாமான் மூட்டையோடு. இன்று நாம் மிதிக்கிற சைக்கிளின் முன்னோடியான ரோவர் இங்கிலாந்தில் வந்ததே 1885-ல்தான்.

கடைசியாக அந்தப் புகழ்பெற்ற ஒளிரும் பாதை. டான் ரோசகார்ட் வடிவமைத்து 2014-ல் திறந்தது, பகலில் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மினுங்குகிற ஆயிரக்கணக்கான கற்கள், நட்சத்திர இரவு ஓவியத்தின் சுழிகள் போல. (அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்றவரே இங்கே சொன்னார்.) மே மாதம் இங்கே பத்து மணி தாண்டித்தான் இருட்டும், உட்கார்ந்து காத்திருந்தோம். மதியம் மேகமாக இருந்ததால் மினுக்கு மங்கல். இணையத்தில் வருகிற படங்களை நம்பி வந்தால் ஏமாற்றம்தான், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் விளக்கை அணைத்தால் கொஞ்சம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் விளக்கில்லாமல் ஓட்டினால் இங்கே அபராதம், அதனால் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். பின்னால் வந்த இரண்டு பேர் மணி அடித்து அடித்து எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவர்களுக்கு இது வீட்டுக்குப் போகிற வழி.

ஐந்தோவன் எல்லையில் அடுத்த வருடத்துக்கு எங்கே என்று பேச்சு வந்தது. டீச்சர் வடக்கே ட்ரெந்தெ என்கிறார். 1883 இலையுதிர் காலத்தில் வான்கா மூன்று மாதம் அங்கே இருந்தார், கரிச்சேற்று நிலம், புல்வேய்ந்த மண்குடிசைகள், மழை. "டீச்சர், மனசாட்சியோட சொல்லுங்க, அங்க காத்து இதவிட ஜாஸ்தியா கம்மியா?" என்றான் மதுரைக்காரன். ஜாஸ்தி என்றார். வாக்கெடுப்பு வைத்தோம், ட்ரெந்தெ ஜெயித்தது. அவன் பந்தயச் சைக்கிளை விற்றுவிட்டுப் பேட்டரி வண்டி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறான், யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், செயினில் கொஞ்சம் மணல் இருக்கும்.